முதல் பாஸ்போர்ட்: சர்நேம் கட்டத்தில் என்ன எழுதுவது?

தேன்மொழி_எஸ்

வணக்கம். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் பாஸ்போர்ட் எடுத்ததில்லை, நான்தான் முதல் ஆள். கிண்டியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை, கொளத்தூரில் இரண்டு தோழிகளோடு வாடகை வீடு. அடுத்த வருடம் சிங்கப்பூர் வேலைக்கு ஆள் அனுப்பும்போது கையில் பாஸ்போர்ட் இருப்பவர்களைத்தான் முதலில் பார்ப்போம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நேற்று ராத்திரி பாஸ்போர்ட் சேவா தளத்தில் கணக்கு தொடங்கி விண்ணப்பத்தைத் திறந்தேன், தொடங்கின இடத்திலேயே நின்றுவிட்டேன். கிவன் நேம் (சொந்தப் பெயர்) என்று ஒரு கட்டம், சர்நேம் (குடும்பப் பெயர்) என்று இன்னொரு கட்டம், இனிஷியல் கூடாது என்று பக்கத்திலேயே போட்டிருக்கிறது. எனக்கு இருப்பதே தேன்மொழி என்ற பெயரும் எஸ் என்ற இனிஷியலும்தான்!

பத்தாவது மார்க் ஷீட்டில் தேன்மொழி எஸ். ஆதாரில் எஸ் தேன்மொழி. பான் கார்டில் சண்முகவேல் தேன்மொழி (அப்பா பெயர் முன்னால் வந்துவிட்டது). வாக்காளர் அட்டைக்குத் தம்பி ஆன்லைனில் பதிந்தபோது ழகரத்துக்கு எல் போட்டு என்னைத் தேன்மொலி ஆக்கிவிட்டான்.

இது போதாதென்று, ஆதாரில் கோவில்பட்டி விலாசம்தான் இருக்கிறது. நான் பிறந்தது அம்மாவின் ஊரான சங்கரன்கோவிலில். யாராவது பொறுமையாகச் சொல்லுங்கள். போலீஸ் வீட்டுக்கு வருவார்களா? ஹவுஸ் ஓனர் கொஞ்சம் பயந்த சுபாவம்.

தாம்பரம்_டூ_பீச்

ஒவ்வொன்றாகப் போவோம். பணம்: 36 பக்க புத்தகத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. தட்கல் என்றால் அதன் மேல் இன்னொரு 2,000. அடுத்த வருடப் பயணத்துக்குத் தட்கல் தேவையே இல்லை, அந்தக் காசுக்கு நல்ல பெட்டி ஒன்று வாங்கலாம்.

விலாசம்தான் முதலில் முடிவு செய்ய வேண்டியது. 2018இலிருந்து இந்தியாவில் எங்கிருந்து வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், அதனால் கோவில்பட்டி ஆதார் வைத்துக்கொண்டு சென்னையில் அப்பாயின்ட்மென்ட் எடுப்பதில் தடை இல்லை. ஆனால் தற்போதைய விலாசம் என்று எதை எழுதுகிறீர்களோ அங்கேதான் போலீஸ் விசாரணை, அங்கேதான் ஸ்பீட் போஸ்டில் புத்தகம் வரும். கோவில்பட்டி என்று போட்டால் விசாரணை அன்றைக்கு நீங்கள் கோவில்பட்டியில் நிற்க வேண்டும், கிண்டியில் உட்கார்ந்துகொண்டு போனில் பதில் சொல்ல முடியாது. கொளத்தூர் என்று போட்டால் கொளத்தூருக்குச் சான்று வேண்டும். போட்டோ ஒட்டிய, நடப்பிலிருக்கும் வங்கிக் கணக்குப் பாஸ்புக் ஆகும், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் ஆகும், கேஸ் இணைப்பு உங்கள் பெயரில் இருந்தால் அதுவும் ஆகும். பதினோரு மாதத்துக்கு இருபது ரூபாய்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு வைத்திருப்போமே, பதிவு செய்யாத அந்தக் காகிதத்தை நம்பிப் போகாதீர்கள். என்னைக் கேட்டால் முதலில் வங்கியில் விலாசம் மாற்றுங்கள், முடிந்தால் ஆதாரிலும் மாற்றிவிடுங்கள், அப்புறம் விண்ணப்பத்துக்கு வாருங்கள். பதினைந்து நாள் தள்ளிப்போனால் ஒன்றும் குடிமுழுகாது.

வேளச்சேரி_வெள்ளம்

சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். அது கட்டாயம் இல்லை. நமக்குச் சர்நேம் கிடையாது, இல்லாததை எதற்கு எழுத வேண்டும்? சாதிப் பெயரைத் தூக்கி எறிந்து இரண்டு மூன்று தலைமுறை ஆகிறது. இனிஷியல்தான் நம் வழக்கம், அந்த வழக்கத்துக்கு ஒரு கட்டம் வைக்கத் தெரியாதது ஃபாரத்தின் குறை, நம் குறை இல்லை.

மண்ணடி_ரஹீம்

வெள்ளம் சார், கொள்கை சரிதான், ஆனால் கொள்கை விமானத்தில் ஏறும்போது கவுண்டரில் இருக்கிற பையனுக்கு அது தெரியாதே. 2022 நவம்பரில் அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று சொன்னது நினைவிருக்கிறதா? எங்கள் தெருவில் இரண்டு பேர் டிக்கெட் எடுத்து வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கடைசிப் பக்கங்களில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் விடுவோம் என்று பிறகு தளர்த்தினார்கள், அது வேறு விஷயம். எந்த நாடு எப்போது என்ன சொல்லும் என்று யாருக்குத் தெரியும்? இரண்டு கட்டத்தையும் நிரப்பி வைத்துக்கொள்வதில் நமக்கு என்ன நட்டம்?

மயிலை_மாமி

ரஹீம் தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு. என் பிள்ளைக்கு முதல் பாஸ்போர்ட் எடுத்தபோது அவன் அப்பா, இந்த வெள்ளம் மாதிரியே, சர்நேம் எல்லாம் வேண்டாம் என்று காலியாக விட்டார். அமெரிக்க விசா வந்தது. பார்த்தால் என் பிள்ளையின் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விட்டது, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று மூன்று எழுத்து! என்னவென்று விசாரித்தால் முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தமாம். வங்கிக் கணக்கிலிருந்து டிரைவிங் லைசென்ஸ் வரை அங்கே அவன் பெயர் எஃப்என்யூதான். சேர்ந்த புதிதில் கூட வேலை செய்கிறவர்கள் அதையே பெயர் என்று நினைத்து 'ஃப்னூ' என்று கூப்பிட்டார்களாம். நாங்கள் சிரித்தோம், அவன் சிரிக்கவில்லை. ஐந்து வருடம் கழித்துப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைச் சர்நேமாகச் சேர்த்து மறுபடி வாங்கினோம், அப்புறம் மற்ற எல்லாவற்றையும் அதற்குத் தகுந்தபடி மாற்ற ஒரு வருடம் ஓடியது.

கொழந்தே, அப்பா பெயரைச் சர்நேமில் போடு. கிவன் நேம் தேன்மொழி, சர்நேம் சண்முகவேல். முடிந்தது.

வேளச்சேரி_வெள்ளம்

மாமி, அப்படிப் போட்டால் சிங்கப்பூரில் எல்லாரும் அவரை மிஸ் சண்முகவேல் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் ஜெர்மனியில் எட்டு மாதம் என் அப்பாவாக வாழ்ந்தவன். மிஸ்டர் கோவிந்தசாமி என்று கூப்பிட்டால் முதல் வாரம் முழுக்கத் திரும்பிப் பார்க்கவே இல்லை, காது மந்தம் என்று நினைத்துவிட்டார்கள்.

பெரம்பூர்_லோகோ

அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெருமைதானே தம்பி?

நான் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். முதல் பாஸ்போர்ட் 1994இல் எடுத்தேன். அப்போது அலுவலகம் நுங்கம்பாக்கத்தில் ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனில் இருந்தது, இப்போது அண்ணா சாலை ராயலா டவர்ஸில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஃபாரத்தைக் கையால் நிரப்புவோம், கட்டத்துக்கு ஒரு எழுத்து. அன்றைக்கும் இதே சர்நேம் தகராறுதான். என் கூட வந்த ஃபிட்டர் ஒருவர் சர்நேம் என்றால் சார் போட்ட பெயர் என்று நினைத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வைத்த பெயரை எழுதினார். பொய்யில்லை.

தங்கச்சி, அரசு வேலையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். துறை அனுமதிக் கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறேன் என்று அலுவலகத்துக்கு முன்னறிவிப்புக் கடிதம் கொடுத்துவிட்டு அதன் நகலோடு போகலாம். இது தெரியாமல் என் மருமகன் ஏழு மாதம் அனுமதிக்கு அலைந்தான்.

தேன்மொழி_எஸ்

அப்பாவிடம் போனில் சொன்னேன். என் பேரு எதுக்கும்மா, உன் பேரு போட்டா போதாதா என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அவரே திரும்பக் கூப்பிட்டு ஸ்பெல்லிங் சரியாகப் போடு என்றார். அதனால் சண்முகவேல் சர்நேமில் போகிறது, சரி.

ஆனால் மார்க் ஷீட்டிலும் ஆதாரிலும் எஸ் என்றுதானே இருக்கிறது? நான் மட்டும் சண்முகவேல் என்று விரித்து எழுதினால் இது வேறு ஆள் என்று சொல்ல மாட்டார்களா? ஆதாரையும் மாற்ற வேண்டுமா?

தாம்பரம்_டூ_பீச்

அதே ஃபாரத்தில் அப்பா பெயரையும் கேட்பார்கள். அங்கே சண்முகவேல், உங்கள் சர்நேமிலும் சண்முகவேல், மார்க் ஷீட்டில் எஸ். பார்க்கிறவருக்குப் புரியும், தினமும் நூறு தமிழ்ப் பெயரைப் பார்க்கிறவர்கள் அவர்கள். எனக்கும் என் தங்கைக்கும் இப்படித்தான், ஒரு கேள்வி வரவில்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால் எழுத்து மாறும்போது. இசட்ஹெச் ஒரு இடத்தில், எல் இன்னொரு இடத்தில், ஹெச் ஒன்றில் இருக்கிறது ஒன்றில் இல்லை, இதெல்லாம்தான் ஆவணம் சரிபார்க்கிற பி கவுண்டரில் கண்ணில் படும். அதனால் அந்தத் 'தேன்மொலி' அட்டையை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். சாதாரண விண்ணப்பத்துக்கு அது கட்டாயம் இல்லை. நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம், கேட்டதைக் காட்டச் சொன்னால் பையில் இருப்பதையெல்லாம் மேசையில் பரப்புவது. பொருந்துகிறவற்றை மட்டும் நீட்டுங்கள். (அட்டையைப் பிறகு நிதானமாகத் திருத்திக்கொள்ளுங்கள், தம்பி செலவில்.)

பான் கார்டில் பெயர் முன்பின்னாக இருப்பதும் இங்கே பரவலாக நடப்பதுதான். அங்கேயும் இனிஷியல் கூடாது, விரித்து எழுது என்பார்கள், விரிக்கும்போது அப்பா முன்னால் போய்விடுவார்.

ஆதாரில் விலாசம் மாற்றும்போது பெயரையும் சேர்த்து மாற்றலாமா என்று தோன்றும். ஆதாரில் பெயர் மாற்ற மொத்தமே இரண்டு வாய்ப்புதான், பிறந்த தேதிக்கு ஒன்றே ஒன்று. தேவையில்லாமல் அதைச் செலவழிக்காதீர்கள்.

காசிமேடு_காற்று

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். பத்தாவது முடிக்காதவர்களுக்கு ஈசிஆர் என்று போடுவார்கள் என்று அண்ணன் சொன்னான். நான் ஒன்பதாவதோடு நின்றவன். ஈசிஆர் என்றால் மகாபலிபுரம் போகிற ரோடுதானே எனக்குத் தெரியும்? இது இருந்தால் வெளிநாடே போக முடியாதா?

மண்ணடி_ரஹீம்

தம்பி, போகலாம், பயப்படாதே. இந்த ஈசிஆர் குடியேற்ற அனுமதி தேவை என்கிற குறி. அதுவும் எல்லா நாட்டுக்கும் கிடையாது, வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து, ஜோர்டான் என்று மொத்தம் 18 நாடு. அங்கேயும் வேலைக்குப் போகும்போதுதான் அனுமதி வாங்க வேண்டும். சுற்றிப் பார்க்கவோ சொந்தக்காரர் வீட்டுக்கோ போனால் தேவையில்லை. சிங்கப்பூர் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

பத்தாவது பாஸ் என்றால் அந்தக் குறி வராது. 50 வயது தாண்டியவர்களுக்கும், வருமான வரி கட்டுகிறவர்களுக்கும் வராது. தேன்மொழிம்மா, ஃபாரத்தில் 'நான்-ஈசிஆர்' (ஈசிஆர் குறி தேவைப்படாத பிரிவு) என்ற கேள்விக்கு ஆம் என்று போட மறக்காதே, மார்க் ஷீட்டோ டிகிரியோ ஒரிஜினல் எடுத்துப் போ. நிறையப் படித்த பிள்ளைகளே இந்த ஒரு கேள்வியைப் புரியாமல் இல்லை என்று தட்டிவிட்டு வருவார்கள்.

காற்று தம்பி, ஒன்று மட்டும் கேட்டுக்கொள். அந்த அனுமதியை ஒரு தொந்தரவு என்று நினைத்து, விசிட் விசாவில் போய் அங்கே வேலையில் சேர்த்துவிடுகிறேன் என்று ஒருவன் வருவான். அவன் சொல்வதைக் கேட்காதே. சம்பளம் என்ன, முதலாளி யார் என்று நம் பக்கம் ஒரு காகிதம் இருப்பதற்காகத்தான் அந்த அனுமதியே. என் மாமா பிள்ளை ஒருவன் அப்படிப் போய் ஒன்றரை வருடம் கழித்து வெறுங்கையோடு வந்தான். அவன் கதையை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை.

தேன்மொழி_எஸ்

பிறந்த ஊர் கட்டத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்று அம்மா சங்கரன்கோவில் போய்விட்டாள், நான் அங்கே ஆஸ்பத்திரியில் பிறந்து மூன்றாம் மாதம் கோவில்பட்டிக்கு வந்தவள். 1999இல் சங்கரன்கோவில் திருநெல்வேலி மாவட்டம், இப்போது தென்காசி மாவட்டம். கோவில்பட்டியோ தூத்துக்குடி மாவட்டம். எதை எழுத?

மயிலை_மாமி

எல்லாத் தமிழ் வீட்டிலும் இதே கதைதான் போ. நான் மயிலாப்பூர்க்காரி என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பாஸ்போர்ட் மட்டும் கும்பகோணம் என்கிறது.

தாம்பரம்_டூ_பீச்

பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்தால் அதில் உள்ள ஊர், சங்கரன்கோவில்தான். வளர்ந்த ஊர் இல்லை, பிறந்த ஊர். மாவட்டத்துக்கு என் நண்பன் (அவனும் பழைய திருநெல்வேலி, இன்றைய தென்காசி) சான்றிதழில் இருந்தபடியே திருநெல்வேலி என்று போட்டான், ஏற்றுக்கொண்டார்கள்.

பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். 2016 கடைசியில் அந்த விதியைத் தளர்த்திவிட்டார்கள். பத்தாவது மார்க் ஷீட், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பான், லைசென்ஸ், இவற்றில் ஒன்று போதும். 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு மட்டும்தான் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம், அது 2025 பிப்ரவரியில் வந்த திருத்தம். கைக்குழந்தைக்கு எடுக்கிறவர்கள் அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. சின்ன வயதில் யாராவது உங்களுக்கு பாஸ்போர்ட் எடுத்திருந்து அது காலாவதி ஆகியிருந்தால் இப்போது எடுப்பது முதல் பாஸ்போர்ட் ஆகாது, ரீ-இஷ்யூ (மறுவெளியீடு). உங்களுக்கு இல்லை என்று தெரியும், படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பழையதை மறைத்துப் புதிது என்று போட்டால் அபராதம் வரை போகும்.

பெரம்பூர்_லோகோ

பிரவுசிங் சென்டரில் ஃபாரம் நிரப்பக் கொடுக்காதே தங்கச்சி. என் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு சென்டரில் கொடுத்தான். 1,500 ரூபாய்க் கட்டணத்துக்கு 3,200 வாங்கினார்கள். அதையாவது தொலையட்டும் என்று விடலாம், அந்த ஆள் தன் சொந்த இ-மெயிலையும் போன் நம்பரையும் போட்டுப் பதிந்துவிட்டான். தகவலெல்லாம் அவனுக்குத்தான் போனது, அப்பாயின்ட்மென்ட் தேதி தாண்டின பிறகுதான் பையனுக்கே தெரிந்தது. கூகுளில் தேடினால் முதலில் வருகிற தளமெல்லாம் அரசாங்கத் தளம் இல்லை. முகவரி ஜிஓவி டாட் ஐஎன் என்று முடிகிறதா என்று பார். சந்தேகம் வந்தால் 1800-258-1800, கட்டணம் இல்லாத எண், தமிழிலும் பேசலாம்.

தேன்மொழி_எஸ்

பணம் கட்டிவிட்டேன், ஏஆர்என் (விண்ணப்பக் குறிப்பு) எண் வந்துவிட்டது. வங்கிப் பாஸ்புக்கிலும் ஆதாரிலும் கொளத்தூர் விலாசம் ஏறிவிட்டது. சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் என்ற மூன்று பாஸ்போர்ட் சேவா மையத்தில் எதை எடுப்பது என்று பார்த்து, சாலிகிராமத்தில் அடுத்த வியாழன் காலை கிடைத்தது. வடபழனி மெட்ரோவில் இறங்கினால் பக்கம்தானே? போட்டோ எடுத்துப் போக வேண்டுமா?

தாம்பரம்_டூ_பீச்

பக்கம்தான், ஆட்டோ பேரம் பேசுகிற நேரத்தில் போய்விடலாம். போட்டோ வேண்டாம், அங்கேயே எடுப்பார்கள். பின்னணி வெள்ளை, அதனால் வெள்ளைச் சட்டை வேண்டாம், அடர்த்தியான நிறம் உடுத்துங்கள். பத்து வருடம் தூக்கிச் சுமக்க வேண்டிய முகம் அது. ஒரிஜினல் எல்லாம், ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்ட ஒரு ஜெராக்ஸ். விண்ணப்பத்தை அச்செடுக்கத் தேவையில்லை, போனில் வந்த எஸ்எம்எஸ் போதும் என்பார்கள், நான் ஒரு தாளாவது கையில் வைத்துக்கொள்வேன், பழைய ஆள்.

உள்ளே டோக்கன் கொடுத்து ஏ, பி, சி என்று அனுப்புவார்கள். ஏ கவுண்டரில் டிசிஎஸ் என்ற தனியார் கம்பெனி ஊழியர்கள், போட்டோ, கைரேகை, ஸ்கேன் எல்லாம் அங்கே. பி, சி இரண்டிலும் பாஸ்போர்ட் அலுவலக அதிகாரிகள். நான் இவ்வளவு நீட்டி முழக்குவது ஒரே ஒரு விஷயம் சொல்லத்தான்: ஏ கவுண்டரில் உங்கள் விவரத்தைத் திரையில் காட்டிச் சரியா என்று கேட்பார்கள். அந்த இடத்தில் வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். எழுத்து எழுத்தாக, விரல் வைத்துப் படியுங்கள். அங்கே திருத்தினால் ஒரு நிமிட வேலை. புத்தகம் அச்சாகி வந்த பிறகு திருத்த வேண்டுமென்றால் மறுபடி விண்ணப்பம், மறுபடி பணம், மறுபடி அரை நாள் லீவு.

தேன்மொழி_எஸ்

போய்விட்டு வந்தேன்! உள்ளே போனதிலிருந்து வெளியே வர ஒன்றே கால் மணி நேரம் ஆனது. அண்ணா, நீங்கள் சொன்னது எவ்வளவு நல்லதாகப் போயிற்று தெரியுமா? விரல் வைத்துத்தான் படித்தேன், பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர் சிரித்தார், சிரித்தால் சிரிக்கட்டும். சண்முகவேல் என்பதில் கடைசி எல்லுக்கு முன்னால் இருக்கிற ஈ-யை நானே விட்டிருந்தேன். சண்முகவ்ல். ராத்திரி பதினொரு மணிக்கு அடித்த லட்சணம். ஸ்பெல்லிங் சரியாகப் போடு என்று அப்பா அவ்வளவு சொல்லியும்! அங்கேயே திருத்தினார்கள்.

பி கவுண்டரில் இருந்த மேடம் மார்க் ஷீட்டைப் பார்த்தார், ஆதாரைப் பார்த்தார், அப்பா பெயர் சண்முகவேலா என்று கேட்டார், ஆமாம் என்றேன். அவ்வளவுதான். இரண்டு வாரம் நான் தூங்காமல் கிடந்த கேள்விக்கு அவருக்கு நாலு வினாடி.

போட்டோவில் மட்டும் திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரி இருக்கிறேன்.

வேளச்சேரி_வெள்ளம்

எல்லாருக்கும் அப்படித்தான் விழும். வாழ்த்துகள், மிஸ் சண்முகவேல்.

தேன்மொழி_எஸ்

பன்னிரண்டு நாளாகிறது, போலீஸ் விசாரணையில் நிலுவை என்றே காட்டுகிறது. இன்று அலுவலகத்தில் இருக்கும்போது ஒரு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது, மீட்டிங்கில் இருந்ததால் எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அதுவாக இருக்குமோ?

மண்ணடி_ரஹீம்

அதுவேதான்! இந்த மூன்று வாரத்துக்குத் தெரியாத எண் எல்லாவற்றையும் எடும்மா, லோன் வேண்டுமா என்று கேட்கிறவனிடம்கூடப் பேசு. நாளைக்குக் காலையில் நீயே ஸ்டேஷனுக்குப் போய், பாஸ்போர்ட் என்கொயரி யார் பார்க்கிறார்கள் என்று கேள். ஆதார், மார்க் ஷீட் ஜெராக்ஸ், இரண்டு போட்டோ எடுத்துக்கொள். அக்கம்பக்கத்தில் உன்னைத் தெரிந்த இரண்டு பேர் பெயரும் போன் நம்பரும் கேட்பார்கள், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வை, இல்லையென்றால் அவர்களும் எடுக்க மாட்டார்கள்.

ஹவுஸ் ஓனரிடம் நீயே நேரில் சொல்லிவிடு. சொல்லாமல் காக்கிச் சட்டை வாசலில் நின்றால்தான் பயம், பாஸ்போர்ட் விசாரணை என்று முன்பே தெரிந்தால் காபி போட்டுக் கொடுப்பார்.

காசிமேடு_காற்று

காசு கேட்பார்களா அண்ணா? எங்கள் அண்ணனிடம் ஒரு இடத்தில் 'பார்த்துச் செய்யுங்கள்' என்றார்களாம், ஐந்நூறு கொடுத்தான்.

பெரம்பூர்_லோகோ

விசாரணைக்கு என்று தனிக் கட்டணம் ஒன்றும் இல்லை. நீ கட்டின 1,500 ரூபாய்க்கு மேல் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. என் மகளுக்கு வந்தவர் தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டுப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். உன் அண்ணன் மாதிரி அனுபவமும் கேட்டிருக்கிறேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ரசீது தருவீர்களா சார் என்று சிரித்துக்கொண்டே கேள், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ளாதே. பாதிப் பேர் அதிலேயே விட்டுவிடுவார்கள்.

தேன்மொழி_எஸ்

கடைசித் தகவல். ஸ்டேஷனுக்குப் போனேன். அழைத்தது அவர்கள்தான். மறுநாளே ஒருவர் வீட்டுக்கு வந்தார், எவ்வளவு நாளாக இங்கே இருக்கிறாய், சொந்த ஊர் எது, வழக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார், படம் எடுத்தார், காசு பேச்சே வரவில்லை. ஹவுஸ் ஓனர் பயப்படுவார் என்றேன் அல்லவா, அவர்தான் வந்தவரிடம் இருபது நிமிடம் பேசினார், தெருவிளக்கு எரியாதது வரைக்கும் புகார் சொல்லி அனுப்பினார்.

அதற்கு ஆறாம் நாள் இன்று காலை தபால்காரர் வந்தார். தோழி வாங்கப் போனாள், தர மாட்டேன் என்றுவிட்டார், பெயருக்குரிய ஆள்தான் வர வேண்டுமாம், அடையாள அட்டை பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். அட்டையில் பாஸ்போர்ட் என்ற எழுத்துக்குக் கீழே தங்க நிறத்தில் சின்னதாக ஒரு குறி இருக்கிறது, என்ன இது?

தாம்பரம்_டூ_பீச்

அது இ-பாஸ்போர்ட். உள்ளே சிப் இருக்கிறது. சென்னையில் 2025 மார்ச்சிலிருந்து இதுதான் கொடுக்கிறார்கள். மடக்காதீர்கள், ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் எல்லாம் இப்போதே ஒரு தடவை விரல் வைத்துப் படித்துவிடுங்கள்.

தேன்மொழி_எஸ்

படித்துவிட்டேன், எல்லாம் சரி. அப்பாவுக்கு வாட்ஸப்பில் படம் அனுப்பினேன். அவர் பெயர் இருக்கிற வரியை மட்டும் பெரிதாக்கித் திருப்பி அனுப்பியிருக்கிறார், ஒரு வார்த்தை எழுதவில்லை.

இப்போது அம்மா தனக்கும் வேண்டும் என்கிறாள், வயது 61. ஆதாரில் லட்சுமி, ரேஷன் கார்டில் லெட்சுமி அம்மாள், வங்கியில் எக்ஸ் போட்ட லக்ஷ்மி. பள்ளிக்கூடச் சான்றிதழ் கிடையாது. எங்கிருந்து தொடங்குவது?

மயிலை_மாமி

60 வயது தாண்டிவிட்டால் முதல் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு, ஈசிஆர் குறியும் வராது, அந்த மட்டும் நிம்மதி. மூன்று லட்சுமிக்கும் தனி இழை தொடங்கு கொழந்தே, இதில் இடம் போதாது.